பார்வையற்ற மாணவி வகுப்பில் சேர்ந்திருக்கிறார்: பாமினி நோட்ஸ், ஸ்கேன் பிடிஎஃப், பழைய வீடியோ... எதை முதலில் சரிசெய்வது?

பொருநைக்கரை:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ்த்துறையில் இருக்கிறேன். இந்த வருஷம் பி.ஏ. தமிழ் முதலாண்டில் முழுப் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். பள்ளிப்படிப்பு பாளையங்கோட்டையில். பிரெய்லை மளமளவென்று வாசிக்கிறார். கையில் ஆண்ட்ராய்டு போன், வீட்டில் அண்ணன் பயன்படுத்திய பழைய லேப்டாப். அதே வகுப்பில் காது கேளாத மாணவர் ஒருவரும் உண்டு. இரண்டு பேருமே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்.

துறையில் வழிவழியாக வந்த பாடக்குறிப்புகள் கூகுள் கிளாஸ்ரூமில் கிடக்கின்றன. பாதி, பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்புகள். மீதி, புத்தகப் பக்கங்களையும் கையெழுத்துக் குறிப்புகளையும் ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப்கள். கொரோனா காலத்தில் எடுத்த வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. கீழே எழுத்து எதுவும் ஓடாது. மாணவியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஃபைல் திறக்குது மேடம், ஆனா உள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது. இன்னொண்ணு இங்கிலீஷ் எழுத்தா வாசிக்குது" என்றார்.

செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற ஆள் கிடையாது. எதை முதலில் கையில் எடுப்பது? காசு கொடுத்து மென்பொருள் ஏதும் வாங்க வேண்டுமா? யாப்பு நடத்தும்போது அசை பிரித்துப் பட்டியல் போடுவோமே, அது அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? பதிப்பகப் புத்தகத்தை அவருக்காக மாற்றிக் கொடுத்தால் காப்புரிமைச் சிக்கல் வருமா? "ஒரு பிள்ளைக்காக இவ்வளவு வேலையா" என்று துறைக் கூட்டத்தில் கேட்கிறவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும்.

தொடுவிரல்:

வணக்கம் டீச்சர். நான் அம்பாசமுத்திரம் பக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. வங்கியில் வேலை. சாயங்காலம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் மாணவி சொன்ன இரண்டு வாக்கியத்திலேயே முழு விஷயமும் இருக்கிறது. அதிலிருந்தே வருகிறேன்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது வெறும் போட்டோ. திரையில் இருப்பதைக் குரலில் பேசும் மென்பொருளான திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, கோப்புக்குள் இருக்கும் எழுத்தின் குறியீட்டை எடுத்துப் பேசுகிறது. போட்டோவுக்குள் குறியீடே இல்லை. அதனால்தான் "ஒண்ணுமே இல்லை" என்கிறது. அது சரியாகத்தான் சொல்கிறது.

பாமினி வேறு மாதிரி. அதில் எழுத்து இருக்கிறது, ஆனால் அது தமிழ் எழுத்து இல்லை. 'தமிழ்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் போர்வை எங்களுக்குத் தெரியாது. ஜே, கே, பி, ஓ என்றுதான் காதில் விழும், அதுவும் பக்கம் பக்கமாக. சங்க இலக்கிய அறிமுகம் என்று திறந்த கோப்பில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் பதில் ஒன்றுதான். முதலில் எழுத்தை எழுத்தாக்குங்கள். எல்லாம் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள பொது முறைக்கு, வரட்டும். படத்துக்கு விளக்கம், பட்டியல், நிறம் எல்லாம் அதற்கு அப்புறம். பல கல்லூரிகளில் ஆர்வமாக ஆரம்பிக்கிறவர்கள், இருக்கிற பிடிஎஃப்பை எப்படிச் சரிசெய்வது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். பிடிஎஃப்பை விட்டுவிடுங்கள். அதைப் பெற்ற வேர்ட் கோப்பைச் சரிசெய்யுங்கள்.

தமிழுக்கு பிடிஎஃப்பில் தனியாக ஒரு தொல்லை உண்டு. யூனிகோடில் அடித்திருந்தாலும், பிடிஎஃப் ஆகும்போது எழுத்துகள் தாளில் வரையப்படும் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவது சகஜம். 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு முதலில், 'க' அடுத்து, கால் கடைசியில் என்று பிரிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்கு 'பொருள்', 'கொற்றம்' எல்லாம் உடைந்து வரும். அதனால் மாணவிக்கு வேர்ட் கோப்பாகவோ கூகுள் டாக்ஸாகவோ கொடுங்கள். பிடிஎஃப் பிரிண்ட் எடுக்கிறவர்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கட்டாயம் பிடிஎஃப்தான் என்றால், வேர்டில் 'சேவ் ஆஸ்' வழியாகப் போய், அங்கே ஆப்ஷன்ஸில் அணுகல்தன்மைக்கான டேக் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு, பட்டியல் என்ற அமைப்பெல்லாம் போய்விடும்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? அலகு ஒன்றிலிருந்து வரிசையாக வராதீர்கள். அடுத்த வாரம் நடத்தப் போகிற பாடத்தை இந்த வாரம் மாற்றுங்கள். வகுப்போடு சேர்ந்து போகிற பிள்ளைக்குத்தான் படிப்பில் பிடிப்பு இருக்கும். நான் எம்.ஏ. படிக்கும்போது நோட்ஸ் எல்லாம் ஜெராக்ஸ்தான். கூடப் படித்த நண்பன் செங்கோட்டை பாசஞ்சரில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவான். தங்கமான பையன். ஆனால் அவன் ஊர் சேரன்மகாதேவி. அவன் இறங்கினால் பாடமும் அங்கேயே இறங்கிவிடும். உங்கள் மாணவிக்கு அந்த நிலை வேண்டாம்.

அடுத்தது தலைப்பு. எழுத்தைப் பெரிதாக்கி போல்டு போட்டால் அது தலைப்பாகிவிடாது. வேர்டில் 'ஹெட்டிங் 1', 'ஹெட்டிங் 2' என்று ஸ்டைல் இருக்கிறது பாருங்கள், அதைக் கொடுக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்து 1 அழுத்தினால் முதல் நிலைத் தலைப்பு வந்துவிடும். இப்படிச் செய்த கோப்பில், என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் ஹெச் விசையைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த தலைப்புக்குத் தாவலாம். வேர்டுக்குள் என்றால் முதலில் இன்செர்ட்டோடு ஸ்பேஸை அழுத்தி உலாவும் நிலைக்குப் போக வேண்டும், அதை மாணவிக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். பார்வை உள்ளவர்கள் பக்கத்தைப் புரட்டி 'அகத்திணை எங்கே, புறத்திணை எங்கே' என்று ஒரு நொடியில் பார்த்துவிடுகிறீர்கள். எங்களுக்கு அந்தப் புரட்டல்தான் ஹெச் விசை. தலைப்பு ஸ்டைல் இல்லாத நாற்பது பக்கக் கோப்பில், தேர்வுக்கு முந்தின இரவு ஒரு பகுதியைத் தேடுகிறவர் முதல் வரியிலிருந்து கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே வர வேண்டும்.

மொழியையும் குறித்துவிடுங்கள். ரிவ்யூ டேபில் லாங்குவேஜ் போய், தமிழ்ப் பகுதியைத் தமிழ் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் சில குரல்கள் தமிழ் எழுத்தை அப்படியே தாண்டிப் போய்விடும். வரி முழுக்க மௌனம்.

யாப்புக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமாக இதை எப்படி அடிக்கிறார்கள்? சீரை எழுதி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளிப் போய், அசையை எழுதி, மறுபடி தள்ளிப் போய் வாய்பாடு. அல்லது அடியை மேலே எழுதி, ஒவ்வொரு சீருக்கும் நேர் கீழே நேர், நிரை என்று அடுக்குகிறார்கள். இரண்டாவது வகையில் எனக்கு முதலில் ஓர் அடி முழுவதும் கேட்கும், அப்புறம் "நிரை நேர் நிரை நேர் நேர் நேர் நேர்" என்று ஒரு நீள வரி. எது எந்தச் சீரோடு சேர்ந்தது என்று பிடிக்கவே முடியாது.

இதையே வேர்டின் இன்செர்ட் டேபிளில் உண்மையான பட்டியலாகப் போடுங்கள். மூன்று நெடுவரிசை: சீர், அசை, வாய்பாடு. ஒரு சீருக்கு ஒரு வரிசை. முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறியுங்கள். லேஅவுட்டில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' என்று இருக்கும். இப்போது நான் கன்ட்ரோல், ஆல்ட் பிடித்து வலது அம்புக்குறியை அழுத்தினால் "சீர், வருவான்", "அசை, நிரை நேர்", "வாய்பாடு, புளிமா" என்று பெட்டி பெட்டியாக வரும். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் அதே வாய்பாட்டு நெடுவரிசையில் அடுத்த சீருக்கு இறங்கலாம். தளை பார்க்க இதைவிட வசதி வேண்டாம்: மாச்சீரை அடுத்து நிரை வருகிறதா என்று இரண்டு விசையில் சரிபார்த்துவிடலாம். பெட்டிகளை இணைக்காதீர்கள், வெற்றுப் பெட்டி விடாதீர்கள். 'வரு/வான்' என்று கோடு போட்டு அசை பிரித்தால் "வரு சாய்கோடு வான்" என்று வாசிக்கும், அது பரவாயில்லை, அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பாட்டை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் இடத்தில் சொல் பிரித்த வடிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சீர் பிரித்த வடிவம் மட்டும் இருந்தால் குரல் சொற்களை நடுவில் ஒடித்து ஒடித்துப் பேசும், பொருள் பிடிபடாது.

படம் இருந்தால் வலது கிளிக் செய்து 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதுங்கள். 'படம் 3' என்று எழுதி ஒரு புண்ணியமும் இல்லை. ஆதிச்சநல்லூர்த் தாழியின் படம் என்றால், எதற்காக அந்தப் படத்தை அங்கே வைத்தீர்களோ அதைச் சொல்லுங்கள்: அகன்ற வாய், கீழே குறுகும் அடி, உள்ளே எலும்பும் சிறு கலயங்களும். இரண்டு வரி போதும். சும்மா அழகுக்கு வைத்த பூ, கரை எல்லாம் அலங்காரம் என்று குறித்துவிடுங்கள், தாண்டிப் போய்விடுவோம். இணைப்புகளுக்கு 'இங்கே கிளிக் செய்யவும்' என்று பெயர் வைக்காதீர்கள். நாங்கள் இணைப்புகளை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்துப் பார்ப்போம். பத்து 'இங்கே' வந்தால் எது எங்கே போகிறது என்று தெரியாது. கிளாஸ்ரூமில் கோப்பின் பெயரும் அப்படித்தான். வாட்ஸாப் கொடுத்த நீள எண்ணோடு அப்படியே ஏற்றாமல் 'நன்னூல் எழுத்தியல் அலகு 2' என்று பெயர் மாற்றி ஏற்றுங்கள்.

காசு எதுவும் தேவையில்லை. என்விடிஏ இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆரம்பித்து, அவரைப் போலவே பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்தது. கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும். உலோகக் குரல்தான், ஆனால் வேகமாகக் கேட்கப் பழகியவர்களுக்கு அதுதான் வசதி. விண்டோஸில் 'வள்ளுவர்' என்றொரு தமிழ்க் குரலும் இருக்கிறது, கேட்க இதமாக இருக்கும். போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

காப்புரிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் வாசிக்கத்தக்க வடிவத்துக்குப் புத்தகத்தை லாபநோக்கில்லாமல் மாற்றிக் கொடுப்பதை அனுமதிக்கிறது. இதற்கென்றே 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை வந்தது. அதை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியாதான். மாற்றிய கோப்பு அந்த மாணவியிடம் மட்டும் போகட்டும், வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள். 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் அவரை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். வேண்டிய புத்தகம் அங்கேயே இருந்தால் உங்கள் வேலை மிச்சம்.

துறைக் கூட்டத்துக்கு என் பதில் இது. மற்ற பிள்ளைகள் சேர்ந்த அதே பாடத்தில்தான் அவரும் சேர்ந்திருக்கிறார். பாடம் அவர் கைக்குப் போய்ச் சேர்வது தயவு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு வடிவில் வரும் எல்லாமும் அணுகத்தக்கதாக இருக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1890களில். தென்னாட்டின் எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து படித்த ஊர் இது. இங்கே பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு நோட்ஸ் வாசிக்க வழியில்லை என்றால், எனக்கு அது பொறுக்கவில்லை.

மார்க்கெட் டிடிபி:

டீச்சர், தொடுவிரல் தம்பி சொன்னது சரி. பாமினியை யூனிகோடுக்கு மாற்றுவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பாளை மார்க்கெட் பக்கம் நெடுங்காலமாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து எம்.பில். ஆய்வேடு வரை எல்லாம் அடித்த கை.

முதலில் எழுத்துரு எது என்று உறுதி செய்யுங்கள். பாமினி, வானவில், செந்தமிழ், டாம், டாப், ஒவ்வொன்றுக்கும் எந்தக் குறியீட்டில் எந்த எழுத்து என்ற அடைவு வேறு. பாமினி என்று நினைத்து வானவில் கோப்பை மாற்றினால் அள்ளித் தெளித்த மாதிரி வரும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எந்த எழுத்துருவிலிருந்து என்று தேர்ந்தெடுத்து மாற்றலாம். பேஜ்மேக்கரில் கிடக்கும் பழைய கோப்பு என்றால், எழுத்தை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மாற்றுங்கள்.

எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பாமினிக் கோப்புக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால், கன்வர்ட்டர் அதையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். மேற்கோள் குறி, பிறை அடைப்பு, சில குறியீடுகளும் மாறிவிடும். அதனால் ஆங்கிலம் வரும் பத்திகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு 'ஔ' வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். நிறையப் பேர் 'ஔவையார்' என்று அடிக்காமல் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவையார்' என்று அடித்திருப்பார்கள். 'கௌரவம்' கூட 'கெளரவம்' ஆகியிருக்கும். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டர் 'ஒளவை' என்று ளகரத்தை உச்சரித்தே வாசிக்கும். ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள், 'ஒளவியம்' திருத்த வேண்டியது, 'ஒளி' திருத்தக் கூடாதது. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். காலுக்குப் பதில் ரகரம் அடித்த இடங்களும் பழைய கோப்புகளில் கிடைக்கும்.

ஸ்கேன் பிடிஎஃப்புக்கு கூகுள் டிரைவே போதும். ஏற்றிவிட்டு வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் அச்செழுத்தைப் பிரித்துத் தரும். நல்ல அச்சாக இருந்தால் தமிழ் நன்றாகவே வரும். நீளமான பிடிஎஃப்பை அப்படியே கொடுக்காமல் சிறு சிறு பகுதியாக வெட்டிக் கொடுங்கள். பிழை திருத்தாமல் மாணவியிடம் கொடுக்க வேண்டாம். மூலபாடத்தில் ஒரு றகரம் மாறினாலும் பொருள் போச்சு. கையெழுத்துக் குறிப்புக்கு இது ஒத்துவராது. ஒருவர் வாசிக்க, கூகுள் டாக்ஸ் வாய்ஸ் டைப்பிங்கில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள், அப்புறம் உட்கார்ந்து திருத்துங்கள். புள்ளி, காற்புள்ளி எல்லாம் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும்.

உங்கள் கோப்பில் ஒன்றை எனக்கு அனுப்பினால் மாற்றிக் காட்டுகிறேன். இதற்குக் காசு வாங்க மாட்டேன்.

சைகைமொழி:

எல்லாரும் மாணவியைப் பற்றியே பேசிவிட்டீர்கள். காது கேளாத அந்தத் தம்பியைப் பற்றி நான் சொல்கிறேன். காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவள், சைகைமொழி பெயர்த்தும் சொல்வேன்.

வீடியோவுக்கு வசனம் ஓட வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பாடம் எடுக்கும் முன் எழுதி வைத்த குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் சிறு சிறு துண்டாக்கி, எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை என்று நேரம் குறித்து எஸ்ஆர்டி கோப்பாகச் சேமித்து யூடியூபில் ஏற்றலாம். நோட்பேடிலேயே செய்யலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகப் போய்விடும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இயந்திரம் தானாகப் போடும் வசனத்தை அப்படியே விடாதீர்கள். இலக்கணக் கலைச்சொல் வந்தால் அது தடுமாறும். 'குற்றியலுகரம்' என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் வசனம் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் பலருக்கு முதல் மொழி சைகை. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாவதாகக் கற்ற மொழி. பத்தி நீள வாக்கியத்தில் எழுவாய் ஓரிடம், பயனிலை வேறிடம் என்று இருந்தால் பிடி கிடைக்காது. அலகு தொடங்கும் முன் புதுச் சொற்களின் பட்டியலைப் பொருளோடு கொடுத்துவிடுங்கள். வகுப்பில் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி நின்று, முகம் வெளிச்சத்தில் இருக்கும்படி பேசுங்கள். உதட்டசைவு பார்க்கிற பிள்ளை பலகையையும் உங்கள் வாயையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

இன்னொன்று, இருவருக்கும் சேர்த்து. வீடியோவில் "இதைப் பாருங்கள், இது இங்கே வருகிறது" என்று சுட்டிக்காட்டிப் பேசினால் மாணவிக்கு எதுவும் புரியாது. "இரண்டாம் அடியின் முதல் சீரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அது வசனத்திலும் வரும், தம்பிக்கும் உதவும்.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மார்க்கெட் டிடிபி அண்ணாச்சி மாற்றிக் கொடுத்த கோப்பில் தலைப்பு ஸ்டைல் போட்டு, யாப்புப் பட்டியலையும் தொடுவிரல் சார் சொன்னபடி அமைத்துக் கொடுத்தேன். மாணவி லேப்டாப்பை வகுப்புக்கே கொண்டுவந்து, தளை கேட்டபோது மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும் முன்னே பதில் சொன்னார். "ஒரு பிள்ளைக்காகவா" என்று கேட்டவரே, தன் போனில் அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு, தன் பாடத்தின் கோப்புகளையும் மாற்றக் கேட்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகம். உரையாசிரியர் பாடங்களில் அடிக்குறிப்பு நிறைய வரும். நாங்கள் பக்கத்தின் அடியில் கோடு போட்டு எண் போட்டு எழுதுகிறோம், அது சரியா? இன்னொன்று, பாடவேறுபாடுகளைச் சிவப்பு மையில் காட்டுவது எங்கள் வழக்கம். அதை என்ன செய்வது?

தொடுவிரல்:

டீச்சர், தளைக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னார் என்று கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

அடிக்குறிப்பைக் கையால் எழுதாதீர்கள். பத்தியின் நடுவில் இருக்கும் எண்ணுக்கும் கீழே இருக்கும் குறிப்புக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும். பக்கம் தள்ளினால் குறிப்பு உரைக்கு நடுவே புகுந்து வாசிக்கும். ரெஃபரன்சஸ் டேபில் 'இன்செர்ட் ஃபுட்நோட்' இருக்கிறது, அதன் வழியாகவே போடுங்கள். அப்போது இந்த இடத்தில் அடிக்குறிப்பு இருக்கிறது என்று குரல் சொல்லும், வேண்டுமானால் போய் வாசித்துவிட்டுத் திரும்பலாம்.

சிவப்பு எழுத்து இருக்கட்டும், ஆனால் சிவப்பு மட்டும் போதாது. குரலுக்கு நிறம் தெரியாது. நிறக்குருடு உள்ள பையன் யாராவது வகுப்பில் இருந்தால் அவனுக்கும் தெரியாது. சொல்லுக்கு முன்னால் 'பாடவேறுபாடு' என்று எழுதிவிடுங்கள். மங்கிய மஞ்சள், வெளிர்நீலம் மாதிரி நிறங்களை வெள்ளைத் தாளில் எழுத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். உலக அளவில் பின்பற்றும் டபிள்யூசிஏஜி நெறிமுறையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு கேட்கிறார்கள். கறுப்பும் அடர் நீலமும் அதைத் தாராளமாகத் தாண்டும்.

கோப்பை ஏற்றும் முன் ரிவ்யூவில் 'செக் அக்சசிபிலிட்டி' ஒரு தடவை ஓடவிடுங்கள். விட்டுப்போன படவிளக்கம், தலைப்பு வரிசை இல்லாத பட்டியல் எல்லாம் காட்டிவிடும். அதோடு உங்கள் கம்ப்யூட்டரிலும் என்விடிஏ போட்டு, டூல்ஸில் 'ஸ்பீச் வியூவர்' திறந்து வையுங்கள். குரல் பேசுவதெல்லாம் எழுத்தாக அந்தச் சன்னலில் ஓடும். மாணவிக்கு என்ன கேட்கிறதோ அதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் மாணவியை அழைத்துக்கொண்டு அம்பைக்கு வர முடியுமா? ஹெச் விசையும் பட்டியல் விசைகளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.